சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் மற்றொன்று

தகரக் கூரை வேய்ந்த லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒழுக்கு என்பது புதிய செய்தியன்று. மழை வலுத்தால் வாளியை எங்கே வைக்க வேண்டும், பாயை எந்தப் பக்கம் சுருட்ட வேண்டும் என்பது வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். மழை விட்டதும் வீட்டுக்காரர் ஏணியில் ஏறி, ஆணி துருப்பிடித்துத் தளர்ந்த இடத்தையோ தகரம் அரித்துப் போன இடத்தையோ கண்டுபிடித்துத் தாரும் துணியும் வைத்து அடைத்துவிடுவார். சாய்ந்த தகரக் கூரையில் ஓட்டையும் சொட்டும் இடமும் பெரும்பாலும் அருகருகே இருக்கும். நடுப்பகலில் அண்ணாந்து பார்த்தால் ஓட்டை வழியே வெளிச்சம் தெரியும். அதற்கு மேல் வேறு சோதனை தேவைப்படுவதில்லை.

ஆனால் இன்று நம் மக்களின் வாழ்க்கை தகரக் கூரையின் கீழ் மட்டும் நடைபெறவில்லை. கோயில் மண்டபங்கள், பள்ளிக் கட்டடங்கள், பொது மண்டபங்கள், கடைவீடுகள் ஆகியவற்றுள் பலவற்றுக்குச் சிமெண்டுக் கலவையால் வார்த்த தட்டைக் கூரையே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்களும் ஏராளம். தகரக் கூரையில் நாம் பெற்ற அனுபவ அறிவு இந்தத் தட்டைக் கூரையிடம் செல்லுபடியாவதில்லை. செல்லும் என்று நம்பியே பல நிர்வாகக் குழுக்கள் பணத்தை இழக்கின்றன.

நாடெங்கும் காணக்கூடிய ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஒரு கோயில் மண்டபத்தின் நடுவே, மணமேடைக்கு நேர் மேலே, கறை படிந்து தண்ணீர் சொட்டுகிறது. நிர்வாகக் குழு ஒரு குத்தகையாளரை அழைக்கிறது. அவர் கறையைப் பார்க்கிறார். மேலே ஏறிக் கறைக்கு நேரான இடத்தில் நீர்காப்புப் பூச்சு பூசிவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு போகிறார். அடுத்த பெருமழையில் அதே இடம் சொட்டுகிறது. வேறொரு குத்தகையாளர் வருகிறார். இம்முறை இரு மடங்குப் பரப்பில் பூசுகிறார். மீண்டும் சொட்டுகிறது. திருவிழாவுக்கெனத் திரட்டிய பணம் இவ்வாறு கூரையின் மேல் மூன்று முறை கொட்டப்படுகிறது. இதில் எவரும் ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. எவரும் தண்ணீர் நுழையும் இடத்தைத் தேடவில்லை. அது வெளியேறும் இடத்தை மட்டுமே பார்த்தார்கள்.

இதற்குக் காரணம் தட்டைக் கூரையின் அமைப்பிலேயே இருக்கிறது. இரும்புக் கம்பி வைத்து வார்த்த தளம் அடியில் இருக்கும். அதன் மேல், தண்ணீர் ஓடுவதற்காகச் சற்றே சரிவாகப் பூசிய சிமெண்டுப் பூச்சு. அதன் மேல் தண்ணீரைத் தடுக்கும் படலம். அது சூடாக்கி ஒட்டிய தார்த் தாளாகவோ, பூசி உலர்த்திய பூச்சாகவோ இருக்கலாம். சில கட்டடங்களில் அந்தப் படலத்தைக் காக்க மேலும் ஒரு சிமெண்டுப் பூச்சோ செங்கல் நிற ஓடுகளோ பதித்திருப்பார்கள். படலத்தில் ஓரிடத்தில் சிறு கிழிசல் ஏற்பட்டால், அதன் வழி இறங்கும் தண்ணீர் நேரே வீட்டுக்குள் விழுவதில்லை. முதலில் சரிவுப் பூச்சு அதை உறிஞ்சிக் கொள்கிறது. பிறகு தளத்தின் மேற்பரப்பில் பள்ளமான பக்கம் பார்த்து ஊர்ந்து, ஒரு வெடிப்போ, மின்விளக்குக்காகத் துளைத்த துவாரமோ கிடைக்கும் இடத்தில் கீழே இறங்குகிறது. உள்ளே பலகை அடித்த உட்கூரை இருந்தால், பலகையின் மேல் இன்னும் சிறிது தூரம் நகர்ந்து வேறோர் இணைப்பில் சொட்டும். கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் புகுந்த தண்ணீர் பல அடி தள்ளி மண்டபத்தின் நடுவே சொட்டுவது இவ்வாறுதான்.

நமது நாட்டு வானிலையும் இத்தகைய கூரைகளுக்குக் கடுமையானது. தீபகற்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு பிற்பகலில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், 200 சதுர மீட்டர் கூரையின் மேல் 10,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அவ்வளவும் இரண்டு மூன்று குழாய் வாய்களின் வழியே வெளியேறியாக வேண்டும். இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்றில் வந்து சேரும் சருகுகள் அந்த வாய்களை அடைத்துக் கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தோட்ட மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மேலும், கருமையான கூரைப் பரப்பு உச்சி வெயிலில் 60 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறக் கூடியது. அதன் மேல் திடீரென மாலை மழை கொட்டுகிறது. நாள்தோறும் விரிந்தும் சுருங்கியும் படலம் இழுபடுகிறது. முதலில் விட்டுக்கொடுப்பவை அதன் இணைப்புகளும் ஓரங்களுமே.

செலவில்லாத முதற் சோதனை

நிபுணரை அழைக்குமுன் நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்கு மழை தொடங்கியது, எத்தனை மணிக்குச் சொட்டத் தொடங்கியது, எப்போது நின்றது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று எழுதி வர வேண்டும். ஒரு மாதம் எழுதினாலே பல உண்மைகள் வெளிப்படும். மழையே இல்லாத நாட்களிலும் சொட்டுகிறதென்றால் குற்றவாளி கூரையன்று. தண்ணீர்த் தொட்டியையோ குழாயையோ சந்தேகிக்க வேண்டும். மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே சொட்டினால் வழி குறுகியது, நேரானது. மழை விட்ட பிறகும் நாள் முழுதும் சொட்டினால் சரிவுப் பூச்சு கடற்பஞ்சுபோல் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். காற்றோடு பெய்யும் மழைக்கு மட்டும் சொட்டினால் சுவரையும் சன்னல் ஓரத்தையும் பார்க்க வேண்டும். குளிரூட்டி ஓடும் அறையில் மட்டும் ஈரம் தோன்றினால், அது மழைத் தண்ணீராகவே இல்லாமல், ஈரக் காற்று குளிர்ந்த பரப்பில் பட்டு வியர்த்த நீராகவும் இருக்கலாம். ஆய்வுக்கு வரும் நல்ல நிபுணர் எவரும் முதலில் கேட்பவை இந்தக் கேள்விகளைத்தாம்.

நிலை ஆய்வு என்பது என்ன?

கூரையின் நிலை ஆய்வு என்பது கூரையின் உடல்நிலையை முழுமையாகப் பரிசோதித்து எழுதுவதாகும். ஆய்வாளர் பெரும்பாலும் கீழிருந்தே தொடங்குவார். உட்புறத்தில் உள்ள ஒவ்வொரு கறையையும் வரைபடத்தில் குறித்து எண்ணிடுவார். வெடிப்புகளின் அகலத்தை அளப்பார். வெடிப்பின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, சில வேளை சிறு விழுதுபோல் தொங்கிக் கொண்டிருந்தால், தண்ணீர் நெடுங்காலமாக அவ்வழி இறங்கிச் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து வருகிறது என்று பொருள். கறை செம்பழுப்பாக இருந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். அத்தகைய இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பார். நல்ல தளம் கெட்டியாக ஒலிக்கும். உட்புறம் விட்டுப் பிரிந்த இடம் பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும்.

இந்த ஒலியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. அந்த அழுத்தத்தில் கம்பிக்குக் கீழேயுள்ள கலவை பிளந்து, ஒரு நாள் துண்டாகக் கழன்று விழும். ஒழுக்கு என்பது வெறும் ஈரத் தொல்லை என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட கட்டடத்தில், பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அறையின் கூரைப் பூச்சு விழுவது இதனால்தான். ஐயம் எழும் இடத்தில் ஆய்வாளர் ஒரு சிறு பகுதியை உடைத்து, புதிதாக வெளிப்பட்ட கலவையின் மேல் ஃபீனால்ப்தலீன் என்ற நிறமற்ற திரவத்தைத் தெளிப்பார். இளஞ்சிவப்பாக மாறினால் கலவையின் காரத்தன்மை குன்றவில்லை, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. நிறம் மாறாவிட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு அந்த ஆழம் வரை புகுந்து அக்காப்பை அழித்துவிட்டது என்று அறியலாம். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை, பல ஆயிரம் வெள்ளிச் செலவைத் திசைமாற்றக் கூடியது. கம்பி கெட்டுவிட்ட தளத்தின் மேல் எத்தனை விலையுயர்ந்த பூச்சு பூசினாலும் பயனில்லையல்லவா?

பிறகே அவர் மேலே செல்வார். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளங்கள் எங்கே? குழாய் வாயைச் சுற்றிப் படலம் நன்கு ஒட்டியிருக்கிறதா? படலம் கொப்புளம்போல் உப்பியிருக்கிறதா? கைப்பிடிச் சுவரின் மேல் படலத்தை ஏற்றி ஒட்டியுள்ள ஓரம், கூரைப் பரப்பிலிருந்து 150 மில்லிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது நல்ல கட்டட வழக்கம். கட்டி முடித்த கூரையில் 80 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டராவது சரிவு இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பின்னாளில் தொலைக்காட்சி அலைவாங்கி, குளிரூட்டிப் பொறி, விளம்பரப் பலகை ஆகியவற்றை நிறுத்துவதற்காக யாரோ அடித்த ஆணிகளும் திருகிய திருகாணிகளும் ஆய்வாளரின் கண்ணுக்குத் தப்பக் கூடாது. பரந்த நடுப்பகுதியைவிட இத்தகைய இணைப்புகளிலும் துளைகளிலுமே ஒழுக்கு மிகுதியாகத் தொடங்குகிறது. தேங்கும் நீர் இன்னொரு கேட்டையும் வளர்க்கிறது. ஏடிஸ் கொசுவின் முட்டை, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். கொசு வளர இடங்கொடுப்பது, 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். கூரையும் அதற்கு விலக்கன்று.

நீர் தேக்கும் சோதனை

கண்ணால் கண்டதை உறுதிப்படுத்துவதற்கே சோதனைகள் நடத்தப்படுகின்றன. அவற்றுள் பழமையானதும் நம் நாட்டில் பெரிதும் வழங்குவதும் நீர் தேக்கும் சோதனை. மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, கூரையின் ஒரு பகுதியில் 25 முதல் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 முதல் 48 மணி நேரம் வைத்திருப்பார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கீழ்ப்புறத்தைப் பார்த்துக் குறித்துக் கொள்வார்கள். தண்ணீரில் வண்ணப் பொடி கலந்து, ஒரு பகுதிக்கு ஒரு நிறம் என்று வைத்தால், கீழே எந்த நிறம் வருகிறது என்பதைக் கொண்டு வழியை அறியலாம்.

தண்ணீர் மட்டம் சில மில்லிமீட்டர் குறைந்ததும் “ஒழுகுகிறது” என்று கூச்சலிடத் தேவையில்லை. வெயிலில் ஆவியாவதும் உண்டு. பழகிய ஆய்வாளர் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி அதே கூரையின் மேல் வைத்துவிடுவார். வாளியில் குறைந்த அளவே கூரையிலும் குறைந்திருந்தால் அது கதிரவன் குடித்த நீர்; அதற்கு மேல் குறைந்திருந்தால் அது கூரை குடித்த நீர்.

இச்சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கையை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஒரு சதுர மீட்டரில் 50 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரின் எடை 50 கிலோகிராம். 200 சதுர மீட்டர் கூரை முழுவதும் தேக்கினால் 10 டன். கட்டடம் அதைத் தாங்குமா என்பதைப் பதிவு பெற்ற பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். நிர்வாகக் குழுவினர் தாமாகவே குழாயை அடைத்துத் தண்ணீர் விடக் கூடாது. பழைய கசிவை மறைக்க ஒன்றன்மேல் ஒன்றாகச் சிமெண்டுப் பூச்சு பூசிய கூரைகளில் இந்த ஆபத்து மேலும் பெரிது. 50 மில்லிமீட்டர் கனமுள்ள ஒவ்வொரு பூச்சும் சதுர மீட்டருக்கு நூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிலையான சுமையாகும். சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் இருந்த ஆறு மாடி நியூ வேர்ல்ட் ஓட்டல் கட்டடம் 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் இடிந்து விழுந்து 33 பேர் மாண்டனர். அதற்குக் காரணம் ஒழுக்கன்று. கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் சேர்க்காமல் விட்டதை விசாரணை வெளிப்படுத்தியது. ஏற்கெனவே வலுவிழந்திருந்த அக்கட்டடத்தில் பின்னாளில் கூட்டிய சுமைகளும் அதன்மேல் ஏறியிருந்தன. கூரையின் மேல் எதையேனும் ஏற்றுமுன் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு அந்நிகழ்ச்சியைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தேக்குவது கூடாதென்றால் குழாயால் தெளிக்கும் சோதனை உண்டு. தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி, ஒரு பகுதியை நெடுநேரம் நனைத்து, கீழே பார்த்து, பிறகே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது குற்றவாளி என்பதை மறைத்துவிடும். பொறுமையற்றவர்களுக்கு இது ஏற்ற வேலையன்று.

மின்சாரமும் வெப்பமும் காட்டும் வழி

படலத்தில் உள்ள ஊசித் துளையையும் கண்டுபிடிக்க மின்சாரம் உதவுகிறது. படலம் மின்சாரத்தைக் கடத்தாது. தண்ணீரும் ஈரமான சிமெண்டுத் தளமும் கடத்தும். கூரையின் மேற்பரப்பை நனைத்து, சோதிக்கும் பகுதியைச் சுற்றி ஒரு கம்பியை வைத்து, குறைந்த அழுத்த மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் மட்டும் மின்சாரம் தண்ணீர் வழியே தளத்துக்கு இறங்கும். ஆய்வாளர் கையிலுள்ள இரு கோல்களை ஊன்றி ஊன்றி, அது எத்திசையில் பாய்கிறது என்று பின்தொடர்ந்து துளையை அடைகிறார். உலர்ந்த கூரையில் வேறு முறை: உலோக இழைத் துடைப்பம் போன்ற கருவியை உயர் அழுத்த மின்சாரத்துடன் படலத்தின் மேல் நகர்த்தினால், துளை உள்ள இடத்தில் பொறி பறந்து மணி ஒலிக்கும். படலம் வெளியே தெரிய வேண்டும் என்பது இந்த இரண்டாம் முறைக்குக் கட்டாயம். ஓடு பதித்த கூரையில் அது பயன்படாது. இரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்று நாம் எண்ணுவோம். ஆனால் கரி கலந்த கறுப்புச் செயற்கை இரப்பர் படலம் சற்றே கடத்துவதால், அதன் மேல் இச்சோதனைகள் பொய்ச் செய்தி தரக்கூடும்.

வெப்பப் படக் கருவியைப் பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். பகலில் சூடேறிய கூரை கதிரவன் மறைந்தபின் ஆறும்போது, உலர்ந்த பகுதி விரைவாக ஆறுகிறது. ஈரம் ஊறிய பகுதி சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த வேறுபாட்டைக் கருவி படமாகக் காட்டும். ஆயினும் இக்கருவி தண்ணீரைப் பார்ப்பதில்லை, வெப்பத்தை மட்டுமே பார்க்கிறது. வெப்பத் தடுப்பு அடுக்கு உள்ள கூரைகளில் அது நன்கு பயன்படும். வெறும் சிமெண்டுத் தளம் தானே சூட்டைத் தேக்குவதால் அங்கு படம் தெளிவற்றுப் போகலாம். முந்திய நாள் மழை பெய்திருந்தால் படத்தை நம்புவதற்கில்லை. ஆகவே வண்ணப் படங்களை மட்டும் ஒட்டி ஓர் அறிக்கை வந்தால், ஈரம் அளக்கும் கருவியாலோ சிறு துளையிட்டு எடுத்த மாதிரியாலோ அதை உறுதிப்படுத்தினீர்களா என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில்

அடுக்குமாடியின் கடைசி மாடியில் குடியிருப்பவர், கூரையின் ஒழுக்கைத் தம் தலைவிதி என்று எண்ணிச் சொந்தச் செலவில் உட்கூரைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கூரை பொதுவாக எல்லாக் குடியிருப்பாளருக்கும் உரிய பொதுச் சொத்து. அதைப் பேணும் கடமை நிர்வாக அமைப்புடையது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிகளின்படி, மாடிகளுக்கிடையிலான நீர்க்கசிவு பற்றி எழுத்து மூலம் புகார் கிடைத்த 7 நாட்களுக்குள் நிர்வாகம் சோதனை நடத்த வேண்டும். சோதித்த பின் காரணத்தையும் பொறுப்பாளரையும் காட்டும் சான்றிதழ் வழங்க வேண்டும். தீராவிட்டால் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றத்தை நாடலாம். 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். புதிதாக வாங்கிய வீடாயின், சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தோன்றும் குறைகளை வீடமைப்பாளரே தம் செலவில் திருத்த வேண்டும் என விற்பனை ஒப்பந்தம் கூறுகிறது. இந்த 24 மாதம் முடியுமுன் கூரையை ஒருமுறை முறையாக ஆய்வு செய்யுமாறு நிர்வாகத்தை வற்புறுத்துவது அறிவுடைமை.

ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களை 10 ஆண்டுகளுக்குப் பின் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்யுமாறு உரிமையாளரைப் பணிக்க, 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ஊராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் அளிக்கிறது. நம் கோயில் மண்டபங்களும் பள்ளிக் கட்டடங்களும் அந்த உயரத்தை எட்டுவதில்லை. அவற்றின் கூரையைப் பார்க்கச் சொல்லி எவரும் கடிதம் எழுதப் போவதில்லை. நிர்வாகக் குழுதான் தானே நாள் குறிக்க வேண்டும். கிழக்குக் கரையில் நவம்பரில் பருவமழை தொடங்குமுன்பும், மேற்குக் கரையில் ஏப்ரல், அக்டோபர் மாத இடிமழைக்கு முன்பும் ஆய்வை முடித்துக்கொள்வது நல்லது.

ஆய்வுக்கு ஆள் அமர்த்தும்போது, இயன்ற வரை பழுதுபார்க்கும் வேலையை விற்காத ஒருவரையே தேட வேண்டும். இலவசமாகச் சோதித்துத் தருகிறேன் என்று வரும் பூச்சு விற்பனையாளர், தம் பூச்சே தேவை என்ற முடிவைக் கையோடு கொண்டு வந்திருக்கக்கூடும். அறிக்கையில் எண்ணிட்ட வரைபடமும், ஒவ்வோர் எண்ணுக்கும் புகைப்படமும், சோதனை நடந்த நாளும் அன்றைய வானிலையும், உடனே செய்ய வேண்டியவை எவை, அடுத்த ஆண்டு வரை பொறுக்கக்கூடியவை எவை என்ற பிரிவும் இருக்க வேண்டும். இந்த அறிக்கையின் அடிப்படையிலேயே குத்தகையாளர்களிடம் விலை கேட்டால், எல்லாரும் ஒரே வேலைக்கு விலை சொல்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வேலை முடிந்தபின் அதே ஆய்வாளரைக் கொண்டு அதே சோதனையை மீண்டும் நடத்தி, கீழ்ப்புறம் உலர்ந்திருப்பதைக் கண்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அறிக்கையின் ஒரு படியை, கட்டட வரைபடத்தோடு அலுவலகப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பத்தாண்டு கழித்து நிர்வாகத்துக்கு வருபவர்கள், முதலில் அதைத்தான் தேடுவார்கள்.